பழைய வண்டியும் மலைப்பாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கம்பத்தில். ஏலத்தோட்டம் கம்பம்மெட்டுக்கு அப்பால், வண்டன்மேட்டுப் பக்கம். வாரத்தில் நான்கு நாட்கள் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே மலை ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. 2001 முதல் இன்று வரை நான்கு வண்டிகள் வைத்திருந்திருக்கிறேன்: 1993 மாடல் மாருதி 800, 1997 மாடல் மகேந்திரா கமாண்டர் ஜீப், 2003 மாடல் டொயோட்டா குவாலிஸ், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 2010 மாடல் பொலேரோ. நான்கும் வேறொருவர் கையில் ஓடித் தேய்ந்த பிறகு என்னிடம் வந்தவை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடிய எதையும் நான் வாங்கியதில்லை. வண்டி வாங்கப் போகும் உறவினர்களும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சமவெளியில் ஓட்டுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் எழுதும்போது என் கண்முன் நிற்பது குமுளி மலைப்பாதைதான்.

எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி வரை வாங்கலாம்?

எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். குவாலிஸை நான் வாங்கியபோது அது 2,10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கோட்டயத்தில் அதை வைத்திருந்தவர் ஆயில் மாற்றிய ஒவ்வொரு தேதியையும் ஒரு டைரியில் குறித்திருந்தார். பில்களை வருட வாரியாகக் கட்டி வைத்திருந்தார். அந்த வண்டியை மேலும் 1,70,000 கிலோமீட்டர் ஓட்டினேன். என்ஜினை ஒருமுறை கூட இறக்கவில்லை. அதே நேரத்தில் என் மைத்துனர் 60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய ஒரு சிறிய காரை ஆசையாக வாங்கினார். அது மூன்று ஆண்டுகள் ஒரு மரத்தடியில் நின்ற வண்டி. ஆயில் சீல்கள் காய்ந்து கசிந்தன, பிரேக் சிலிண்டர் இறுகிப்போயிருந்தது, ஒயர்களை எலி கடித்திருந்தது, பெட்ரோல் டாங்குக்குள் துரு. முதல் ஆண்டில் அவர் செய்த செலவு என் மூன்றாண்டுச் செலவைத் தாண்டியது.

பொதுவாக, குவாலிஸ், இன்னோவா போன்ற கனமான டீசல் வண்டிகளுக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பது பயப்படும் எண் அல்ல. சிறிய பெட்ரோல் கார்களில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதை வாங்குவதென்றால் என்ஜின் வேலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். இது என் அனுபவக் கணக்கு. ஓட்டியவர் யார், எங்கே ஓட்டினார், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதற்குக் கிடைக்கும் பதில் இதைவிடப் பெரியது.

மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டரை மாற்றுபவர்கள் மற்றவற்றை மாற்றுவதில்லை. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பரைப் பாருங்கள். ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருக்கிறதா, கியர் குமிழில் எண்கள் அழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 70,000 காட்டும் வண்டியில் மிதி ரப்பர் மொட்டையாக இருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. புத்தம் புதிய ரப்பரும் புதிய சீட் உறையும் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான்; ஒரு லட்சம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அது ஏமாற்று அல்ல, ஆனால் எத்தனை சுற்று என்பது தெரிய வேண்டும்.

கேரள வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

வாங்கலாம். என் குவாலிஸே கேரள வண்டிதான். ஆனால் மூன்று விஷயங்களைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலாவது துரு. கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி; இங்கே இருபது ஆண்டு நின்ற வண்டியின் தகடு உறுதியாக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை எளிதில் விடாது. கடலோரமாக இருந்தால் உப்புக் காற்றும் சேர்கிறது. மேலே பளபளப்பாக வண்ணம் அடித்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அடியில்: சேஸிஸ் சட்டம், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொக்கி, காலடி விரிப்புக்குக் கீழே உள்ள தரை, மட்கார்டின் உட்பக்கம். ஒரு ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று உதிர்ந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். என்ஜினை மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். துருப்பிடித்த சேஸிஸை எந்தப் பட்டறையும் மீட்டுத் தராது.

இரண்டாவது வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த பெருவெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவி, உலர்த்தி, சீட் மாற்றி விற்றால் முதல் ஆறு மாதம் நன்றாகவே ஓடும். பிறகு ஒயரிங்கில் பச்சை பூத்து ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், விளக்குக் கண்ணாடிக்குள் ஈரத்தடம், மூடிய வண்டிக்குள் பூஞ்சை வாசனை, இவையும் காட்டிக்கொடுக்கும். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைக்கும் அளவுக்குத் தெளித்திருந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாவது காகிதம். அந்த மாநில ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, படிவம் 28, இல்லாமல் தமிழ்நாட்டு எண் கிடைக்காது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். புதிய எண்ணுக்குப் படிவம் 27. வங்கிக் கடன் இருந்து தீர்ந்திருந்தால் வங்கி கையொப்பமிட்ட படிவம் 35. கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, காப்பீடு எந்தத் தேதி வரை என்பதை எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே பார்க்கலாம். இவற்றோடு தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ப அது குறையும். கேரளத்தில் முன்பு கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மலிவு என்று நினைத்த விலையோடு இந்த வரியையும் அலைச்சலையும் கூட்டி, அதற்குப் பிறகு உள்ளூர் வண்டியோடு ஒப்பிடுங்கள்.

வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில். எந்த மாநில எண் வைத்திருப்பது?

வண்டி எங்கே நிலையாக நிற்கிறதோ அந்த மாநில எண். காலையில் போய் மாலையில் திரும்பும் சொந்த வண்டிக்கு டி.என்.60 எண்ணே போதும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால்தான் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தோட்டத்து வீட்டிலேயே நிரந்தரமாக நிற்கும் ஜீப்பாக இருந்தால் அது உங்களுக்குப் பொருந்தும்.

வாங்கியவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பாட்டுப்பெட்டி, சீட் உறை, வண்ணம் எதுவும் வேண்டாம். முதல் வாரத்தில் வண்டியை ஒரு பட்டறையில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென்று தனியாக எடுத்து வைத்த பிறகே நான் விலை பேசவே உட்காருவேன்.

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். நான்கு சக்கரங்களையும் கழற்றி லைனிங், பேடு, சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை முழுவதுமாக வடித்துவிட்டுப் புதிது நிரப்புங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்தால் சக்கரங்களில் அந்த வெப்பம் எளிதாக வரும். திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் மிதி பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு ஒரு தடவை டீசல் நிரப்பும் செலவில் சிறு பங்குதான்.

அடுத்து டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் பட்டை. குவாலிஸிலும் மாருதி 800-லும் சங்கிலி கிடையாது, பெல்ட்தான். முந்தைய உரிமையாளர் மாற்றியதற்குப் பில் இருந்தால் ஒழிய, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீசல் என்ஜினில் ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட்டின் விலையைப்போலப் பல மடங்கு செலவு வரும்.

டயரின் பட்டன்களை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தோட்ட வண்டிகள் குறைவாக ஓடுவதால் டயர் தேயும் முன்பே ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விடுகிறது. ஏழெட்டு ஆண்டு ஆன டயரை மலைப்பாதைக்கு நான் கொண்டுபோக மாட்டேன், எவ்வளவு பட்டன் மிஞ்சியிருந்தாலும். ஸ்டெப்னிக்கும் இதே விதிதான்.

மற்றவை சில்லறை: என்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்களும், கூலன்ட், கியர் பாக்ஸ் ஆயில், பின் அச்சுக்கான கிரௌன் ஆயில், பேன் பெல்ட். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். செல்ஃப் எடுக்கவில்லை, விளக்கு மங்குகிறது என்று பழைய வண்டிகளில் வரும் குறைகளில் பாதிக்கு இந்த ஒரு ஒயர்தான் காரணம். இது தெரியாமல் ஜீப்புக்கு நான் இரண்டு பேட்டரியும் ஒரு செல்ஃப் மோட்டாரும் வாங்கிப் போட்டேன்.

மலை ஏறும்போது என்ஜின் சூடாகிறது. என்ன செய்வது?

கம்பத்தை அடுத்த கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்புக்கு வந்ததும், தேக்கடியிலிருந்து மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்கள் மலைமேல் தெரியும். அங்கிருந்து குமுளி வரை விடாத ஏற்றம். இரண்டாவது கியரில் என்ஜின் கடுமையாக உழைக்கும். வண்டியோ மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடையாது. சமவெளியில் மறைந்திருந்த குறை எல்லாம் இங்கே வெளியே வரும்.

2003-இல் மாருதியோடு நான் இந்த ஏற்றத்தில் நின்றுபோனேன். ரேடியேட்டரில் அதுவரை கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பு போலப் படிந்து பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. வெப்ப முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தும், குமுளி வந்துவிடும் என்று இரண்டு வளைவு கூடுதலாக ஓட்டினேன். அந்த இரண்டு வளைவில், என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிற்று. அலுமினிய ஹெட் வளைந்தது. தேனிக்கு எடுத்துச் சென்று லேத்தில் சமன் செய்ய வேண்டியதாயிற்று. முள் சிவப்புக்குப் போகும் முன்பே நிறுத்தியிருந்தால் ஒரு குடம் தண்ணீரோடு முடிந்திருக்கும்.

நல்ல தண்ணீரில் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். ரேடியேட்டரின் வெளிப்புறத் துடுப்புகளில் சேறும் பூச்சியும் அடைந்திருக்கும். என்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சில மெக்கானிக்குகள் சூடு பிரச்சினை என்றதும், என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அதன் பிறகு என்ஜின் சரியான வெப்பத்துக்கு வர நெடுநேரம் பிடிக்கும். மலைக்குளிரில் டீசலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். கெட்டிருந்தால் புதிது போடுங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் என்பது இன்னொரு சிறிய ரேடியேட்டர், என்ஜினின் சூட்டைத்தான் அது உங்கள் மேல் கொட்டுகிறது. அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். ஆவி பீறிட்டால் உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியை அரைமணி நேரம் தொடவே கூடாது; பிறகும் ஈரச்சாக்கைப் போட்டு மெதுவாகத் திறங்கள். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விடலாம்.

இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருட்டினால் டீசல் மிச்சம்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

பிரேக் மிதியை நீங்கள் அழுத்தும் விசை மட்டும் வண்டியை நிறுத்துவதில்லை. பூஸ்டர் என்ற வட்டப் பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடம் உங்கள் காலுக்கு உதவுகிறது. டீசல் வண்டிகளில் அந்த வெற்றிடத்தை உண்டாக்குவது என்ஜின் சுழற்றும் ஒரு சிறிய பம்ப். என்ஜினை அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிப்புக்குத் தேவையான வெற்றிடம் மட்டுமே மிஞ்சியிருக்கும். பிறகு மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துப்போகும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

என்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் விடுவதும் ஆபத்துதான். என்ஜினின் பிடி போய், வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும். 2006-இல் ஜீப்பில் ஐந்து மூட்டை ஏலக்காயோடு கம்பம்மெட்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் நானும் நியூட்ரலில்தான் விடுவேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் லைனிங் கருகும் வாசனை வந்தது. அடுத்த வளைவில் மிதி உள்ளே போயிற்று; ஜீப்பின் வேகம் குறையவில்லை. கை பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியரில் திணித்து, மலைப்பக்க ஓடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேரும் வரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் பட்டறையில் லைனிங்கைக் கழற்றிக் காட்டிய மெக்கானிக், அது கண்ணாடிபோலப் பளபளத்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் இறங்குகிறேன்.

டீசல் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் முறையில் எரிபொருள் செலுத்தும் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றிலுமாக நின்றுவிடுகிறது; சக்கரமே என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள எரிபொருள் எடுக்கும்.

எந்த ஆயில் போடலாம்?

வண்டியின் கையேட்டில் சொன்ன தரம், நம்பிக்கையான கடை. மலையில் ஓடும் பழைய டீசல் வண்டிக்குக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் முன்னதாகவே மாற்றிவிடுகிறேன். டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை உருவிப் பாருங்கள். பழைய வண்டி கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு. அளவு தெரியாமல் ஓட்டுவதுதான் கேடு.

புகையைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

கறுப்பு என்றால் டீசல் முழுவதும் எரியவில்லை: ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். என்ஜின் சூடான பிறகும் விடாத அடர்ந்த வெள்ளை என்றால் கூலன்ட் உள்ளே கசியலாம். மலைக்குளிரில் காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைக்குக் கவலை வேண்டாம். வாங்கும் முன் இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் நீங்களே முதன்முதலில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளுகிறதா என்பதையும் பாருங்கள். தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

கம்பெனி சர்வீஸா, தெருவோரப் பட்டறையா?

பத்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு, உங்கள் முகத்தையும் வண்டியையும் தெரிந்த ஒரு மெக்கானிக் வேண்டும். ஒரு பெரிய சர்வீஸ் மையத்தில் பொலேரோவின் கிளட்ச் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். என் மெக்கானிக் திறந்து பார்த்தார்; கசிந்தது கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் மட்டும். அதே நேரத்தில், எலக்ட்ரானிக் பம்ப், சென்சார் உள்ள வண்டிக்குச் சரியான ஸ்கேனர் இல்லாத பட்டறையில் ஊகித்து ஊகித்துப் பாகம் மாற்றுவதும் நடக்கிறது. அந்த வேலைக்குக் கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பாகங்களில் பிரேக், ஸ்டியரிங், பெல்ட் மூன்றுக்கும் அசல் மட்டுமே. கதவுக் கைப்பிடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் பழைய சாமான் கடையே போதும். மெக்கானிக்கிடம் பேரம் பேசிக் கூலியைக் குறைக்காதீர்கள். மழையில் வண்டி நின்ற இரவில், போன் செய்தால் அவர்தான் வருவார்.

பதினைந்து ஆண்டு முடிந்தால் வண்டியை உடைக்கத்தான் வேண்டுமா?

இல்லை. பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்ற தடை தில்லி தலைநகர்ப் பகுதிக்கானது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் ஊரில் நல்ல வண்டிகளைப் பாதி விலைக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இன்றும் வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சொந்த வண்டியின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, பதினைந்து ஆண்டுக்குச் செல்லும்; அதன் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி, படிவம் 25 கொடுத்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். கார், ஜீப் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025-இல் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. என் பொலேரோவை 2025-இல் புதுப்பித்தேன். ஆய்வுக்கு முன் விளக்குகள், ஹாரன், வைப்பர், கை பிரேக், எண் பலகை, புகைச் சான்று எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு போனால் ஒரே நாளில் முடியும். தேதி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு தேவையா?

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதி உங்கள் விருப்பம். ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் பிரீமியம் கட்டாதீர்கள். மலையில் தினமும் ஓட்டுபவர் என்பதால் நான் முழுக் காப்பீடே எடுக்கிறேன். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டை யாரும் விட்டுவிட வேண்டாம்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லலாமா?

விடியும் முன்பே கம்பம், கூடலூர், போடித் தெருக்களில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும். எட்டுப் பேர் இடத்தில் பதினைந்து பெண்கள், மடியில் தூக்குச்சட்டியோடு. இந்த மலைகளில் அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளைப் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

வெள்ளைப் பலகை வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு; அதற்கு அனுமதிச் சீட்டும் மஞ்சள் பலகையும் வேண்டும். காசு வாங்காமல் ஏற்றினாலும், உங்களிடம் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் தனியார் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர்களுக்கு ஏதேனும் ஆனால் அந்தக் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். என் வண்டியில் ஏறும் வேலையாட்களுக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறேன். சீட்டுக்கு மேல் ஒருவரையும் ஏற்றுவதில்லை. இரண்டு நடை போக வேண்டியிருந்தால் இரண்டு நடை போகிறேன். வண்டி பழையது என்பதால் இதில் கூடுதல் கண்டிப்பு தேவை: கூடுதல் எடை, தேய்ந்த பிரேக் லைனிங், நீண்ட இறக்கம் மூன்றும் ஒன்றாகச் சேரவே கூடாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காருக்குக் கெடுதலா?

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அதற்கென்று வடிவமைக்காத பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் நாளடைவில் கெடுக்கும். அதில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், பெட்ரோல் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள், மாதக் கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே பாருங்கள், நெருப்பு காத்திருக்காது.

உண்மையில் செலவு எவ்வளவு ஆகிறது?

குவாலிஸின் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 3,40,000 ரூபாய்க்கு வாங்கி, எட்டு ஆண்டு கழித்து 2,10,000-க்கு விற்றேன். இடைப்பட்ட காலத்தில் டயர், பேட்டரி, பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன், ஆயில் எல்லாம் சேர்ந்து 3,40,000 ரூபாய். ஓடிய தூரம் 1,70,000 கிலோமீட்டர். டீசலும் காப்பீடும் நீங்கலாக, கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் ரூபாய். புதிய வண்டி வாங்கியிருந்தால் வங்கி வட்டி மட்டுமே இதைத் தாண்டியிருக்கும். ஆனால் இந்தச் செலவு மாதாமாதம் சீராக வராது. ஒரு வருடம் எட்டாயிரம், அடுத்த வருடம் எழுபதாயிரம். அதனால் மாதம் நான்காயிரம் ரூபாய் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன். அந்தப் பணம் இல்லாமல் பழைய வண்டி வைத்திருப்பவர் பழுதைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்ட சிறு பழுதுதான் பெரிய பழுதாகிறது.

எப்போது விற்பது? விற்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு பழுது வந்தால் விற்காதீர்கள், சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள். சேஸிஸில் துரு ஏறத் தொடங்கினால், அல்லது பிரேக், ஸ்டியரிங் பாகங்கள் அசலாகக் கிடைப்பது அரிதானால் விற்றுவிடுங்கள். ஜீப்பை நான் கொடுத்தது அதனால்தான்.

வாங்குபவரிடம் குறைகளைச் சொல்லிவிடுங்கள், நோட்டையும் பில்களையும் காட்டுங்கள். பெயர் மாற்றத்தை மட்டும் அவர் பொறுப்பில் விடாதீர்கள். மாருதியை விற்றபோது, 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். நான்கு ஆண்டு கழித்து, நான் பார்த்தேயிராத ஓர் ஊரில் நடந்த விபத்துக்காக என் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் சட்டம் உரிமையாளராகக் கொள்ளும். விற்றவர் அதே மாநிலத்துக்குள் 14 நாட்களிலும், வேறு மாநிலத்துக்கு என்றால் 45 நாட்களிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குவாலிஸை விற்றபோது வாங்கியவரையும் அழைத்துக்கொண்டு நானே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். முன்பணத்தில் பத்தாயிரத்தைப் பிணையாக வைத்துக்கொண்டு, புதிய ஆர்.சி. அவர் பெயரில் வந்த பிறகுதான் அதையும் மாற்றுச் சாவியையும் கொடுத்தேன்.